நாலு நாள் லண்டன்: போயிட்டு வர்றதுக்கு ஒரு திட்டம்

"லண்டன்ல நாலு நாள் கிடைச்சிருக்கு. எங்கெங்க போகலாம்?" நம்ம வட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள் கிடையாது. ஒருத்தருக்குச் சித்தப்பா மகள் கல்யாணம். இன்னொருத்தருக்குப் பல்கலைக்கழகக் கருத்தரங்கு. இன்னொருத்தர் கொழும்பில் வேலை செய்து, சீட்டுக் கட்டி, மூன்று வருசமாகச் சேர்த்த காசில் போகிறார். பதில்கள் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: பிக் பென், லண்டன் ஐ, பக்கிங்ஹாம் அரண்மனை, மெழுகுச் சிலைகள், ஹரட்ஸ் கடை. கடைசியில் யாராவது ஒருத்தர், "அங்க போனா திரும்பி வராத மச்சான்" என்று சிரிப்புப் பொம்மை போட்டு முடித்து வைப்பார்.

இந்தப் பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் டோக்கியோவிலிருந்து போகிறவருக்கும் இதே பட்டியல்தான், பிரேசிலிலிருந்து போகிறவருக்கும் இதே பட்டியல்தான். பதுளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போகிறவருக்கு அந்த நகரத்தில் பார்க்க வேறு சில இடங்களும் இருக்கின்றன. நாலு நாளில் ஒரு முழு நாளையாவது அந்த இடங்களுக்குக் கொடுக்க வேண்டும். அதோடு, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதைப் பெருமையாக நினைக்கவும் பழக வேண்டும். இதுதான் எங்கள் கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

நம்மைப் பார்க்க வந்தவர்கள்

குறுகிய பயணம் என்றால் என்னவென்று ஊவாக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தினமும் கண்ணால் பார்க்கிறோம். எல்ல ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். 1921-ல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் வரைக்கும் காத்திருந்து படம் எடுக்கிறார்கள். விடியற்காலையில் முச்சக்கர வண்டி பிடித்து அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட்டுக்குப் போகிறார்கள். இறங்கி வரும் வழியில், மலையில் கொழுந்து எடுக்கிற அம்மாக்களை நிறுத்தி வைத்துப் படம். தேயிலை பேக்டரியில் ஒரு சுற்று, ஒரு கோப்பைத் தேத்தண்ணி. பிறகு அடுத்த ஊர்.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் அன்பாகப் பேசுவார்கள், சிலர் கையில் காசும் வைப்பார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது அவர்களிடம் இருப்பது பச்சை மலை, கூடை, சிரிப்பு. அந்தக் கூடையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விழ வேண்டும், குறைந்தால் 'அரைப்பேர்' ஆகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பாதைக்குக் கீழே தெரிகிற லயத்துக் காம்பரா யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

எப்போதாவது ஒருத்தர் மட்டும் வேறு மாதிரி வருவார். போனைத் தூக்கும் முன்னால், "இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று விசாரிப்பார். அவர் எந்த நாட்டுக்காரர், என்ன சட்டை போட்டிருந்தார் என்பதுகூடப் பல நாள் கழித்தும் நம்ம அம்மாக்களுக்கு ஞாபகம் இருக்கும். லண்டனுக்குப் போகும் நாமும் அந்த மாதிரி ஒருத்தராகப் போகலாம். அதற்குச் செலவு அதிகம் ஆகாது. பார்க்கிற இடத்தைக் குறைத்து, கேட்கிற கேள்வியைக் கூட்டினால் போதும்.

பாஸ்போட் என்ற சொல்

நம் வீடுகளில் பாஸ்போட் என்ற சொல்லுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1948-ன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் விட்ட 150,000 பேரை 1974-ல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அந்த நாட்களில் பாஸ்போட் கிடைத்தது என்றால் குடும்பம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறப் போகிறது என்று அர்த்தம். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஸ்டேஷன் வரை வந்து அழுதுவிட்டுத் திரும்புவார்கள். இங்கேயே தங்கியும் குடியுரிமை இல்லாமல் இருந்தவர்களுக்கு 2003-ல் வந்த சட்டம்தான் வழி திறந்தது.

அதற்கு முந்திய பயணங்களும் அப்படித்தான். கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் இருந்தார்கள். நடைபாதையில் காட்டிலேயே செத்தவர்களும் இருந்தார்கள். தேயிலைக்கு வருசம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் தேயிலை வந்த பிறகு திரும்பிப் போவது மெல்ல மெல்ல நின்றது. நம் காலத்தில் அக்காமார் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அது திரும்பி வருகிற பயணம்தான், ஆனால் வேறொருத்தர் வீட்டுச் சமையலறைக்குப் போகிற பயணம்.

ஆக, இருநூறு வருசத்தில் நாம் நிறையவே பயணம் போயிருக்கிறோம். வேலைக்காகப் போயிருக்கிறோம், விரட்டப்பட்டுப் போயிருக்கிறோம். ஒரு ஊரைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்காகப் போனவர்கள்தான் நம்மில் ரொம்பக் குறைவு. "திரும்பி வராத மச்சான்" என்கிற பகிடி எங்களுக்குக் கசப்பது அதனால்தான். போய்ப் பார்த்துவிட்டு, நம் ஊருக்கே திரும்பி வந்து, கண்டதைப் பேசுகிற உரிமை மற்றவர்களுக்கு இருப்பது போல நமக்கும் இருக்கிறது.

முதலில் காகிதம்

இந்த உரிமைக்கு விலை இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்துக்குச் சாதாரண வருகை வீசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண் ஆனது. ஒரு பவுண் 400 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 50,800 ரூபாய். தோட்டத் தொழிலாளருக்கு 2024-ல் வர்த்தமானியில் வந்த நாள் சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் 37 பேர் முழுசாகப் போட்டாலும் ஒரு வீசா விண்ணப்பத்துக்குப் போதாது. வீசா மறுத்தால் அந்தக் காசு திரும்பியும் வராது. சம்பளம் அதற்குப் பிறகு ஏறினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடாது. நம்மில் போகக்கூடியவர்கள் தோட்டச் சம்பளத்துக்கு வெளியே வந்தவர்கள்தான்: ஆசிரியர்கள், கொழும்பில் வேலை செய்கிறவர்கள், புலமைப்பரிசில் கிடைத்த மாணவர்கள். போகிறவர் இதை மனசில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

டிக்கட் போடுவதற்கு ஆறு மாசம் முன்னாலேயே காகிதங்களை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பாடசாலைச் சான்றிதழில் அப்பா பெயர் இடம் மாறி. இது நம்மில் பல பேருடைய கதை. சொல்லக் கேட்டு எழுதினவர் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதிவிட்டுப் போயிருப்பார். பாஸ்போட்டுக்குப் போகும் முன்னாலேயே இதைத் திருத்திவிட வேண்டும்.

அடுத்தது முகவரி. வீட்டு இலக்கம் என்ன, வீதியின் பெயர் என்ன என்று விண்ணப்பம் கேட்கும். நம்மில் பல பேருக்கு இருப்பது தோட்டத்தின் பெயர், பிரிவு, லயம். கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து அங்கிருந்துதான் கைக்கு வரும். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், விண்ணப்பம் மூன்றிலும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும்.

வீசா அதிகாரி கடைசியில் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த ஆள் திரும்பிப் போவாரா? காணி உறுதி, வீடு என்று காட்டக்கூடியவர்களுக்கு இது சுலபம். நாலைந்து தலைமுறையாக ஒரே மலையில் இருந்தும் காணி உறுதி இல்லாத நமக்கு இது சங்கடமான கேள்விதான். ஆனாலும் வழி இருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் லீவுக் கடிதம், படிக்கிற இடத்தில் பதிவுக் கடிதம், ஆறு மாச வங்கிக் கணக்கு, யார் செலவு செய்கிறார் என்ற விளக்கம் ஆகியவற்றை உண்மையாக வையுங்கள். "கணக்குல காசு காட்டித் தர்றேன்" என்று வருகிற ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்க் காகிதம் பிடிபட்டால் பத்து வருசம் வரை அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது.

முதல் நாள்: எல்லாரும் பார்க்கிறதைப் பாருங்கள்

கொழும்பிலிருந்து நேரடி விமானத்தில் ஏறக்குறைய பதினொரு மணி நேரம். அதற்கு முன்னால் பதுளையிலிருந்து கட்டுநாயக்கா போகிற களைப்பு வேறு. முதல் நாளில் பெரிய திட்டம் வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்று பிக் பென்னைப் பாருங்கள், படம் எடுங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து டிரஃபல்கர் சதுக்கம் நடக்கிற தூரம்தான். அங்கே இருக்கிற நஷனல் கலரியில் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை.

ஊருக்குள் சுற்ற பஸ்தான் மலிவு. பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், ஒயிஸ்டர் அட்டையோ வங்கி அட்டையோ வேண்டும். முதல் பஸ் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம். மேல் தட்டில் முன் சீட்டில் உட்கார்ந்தால் சுற்றுலா பஸ்ஸுக்கு வேறு காசு கட்டத் தேவையில்லை. குளிரைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். அப்புத்தளை மார்கழியைக் கண்டவர்களுக்குக் கோடைக்கால லண்டன் ஒன்றும் செய்யாது. மற்ற மாதங்களில் நல்ல கோட் ஒன்று வேண்டும்.

இரண்டாம் நாள்: தேயிலையின் தெரு

இந்த நாளுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறோம்.

லண்டனின் பழைய நகரப் பகுதிக்குப் போய் லெடன்ஹால் தெருவில் தொடங்குங்கள். வெளியே குழாய்களும் லிப்டுகளும் தெரிகிற லொயிட்ஸ் கட்டிடம் 1986-ல் திறந்தது. அது நிற்கிற மண்ணில்தான் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகம் இருந்தது. 1860களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டார்கள். லண்டனில் தேயிலையை முதன்முதலாக 1679-ல் ஏலம் விட்டதும் இந்தக் கம்பனிதான்.

அங்கிருந்து சில நிமிசம் நடந்தால் ஃபென்சர்ச் தெரு. அதிலிருந்து தெற்கே இறங்குகிற சின்னத் தெருதான் மின்சிங் லேன். கம்பனியின் தனியுரிமை முடிந்த பிறகு, 1834 முதல் தேயிலை ஏலம் இந்தத் தெருவுக்கு வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 1867-ல் தேயிலை போட்டார். 1873-ல் லண்டனுக்குப் போன அவருடைய தேயிலை வெறும் 23 இறாத்தல். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1890-ல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்ன தோட்டத்தை வாங்கினார். 1924-ல் ரயில் பாதை பதுளை வரை வந்தது. ஊவாவின் கச்சான் காற்றுக் காலத் தேயிலைக்குத் தனி மணம், தனி விலை. நம் பாட்டன் பூட்டிமார் பெரட்டுக் களத்தில் நின்ற அதே வருசங்களில், அவர்கள் எடுத்த கொழுந்துக்கு இந்தத் தெருவில் விலை கூவினார்கள். தோட்டங்கள் பலவற்றைச் சொந்தமாக வைத்திருந்த 'ஸ்டெர்லிங் கம்பனி'களும் இங்கிலாந்தில் பதிந்தவைதான். 1975-ல் தோட்டங்களை அரசு எடுக்கும் வரைக்கும் லாபத்தின் கணக்கு அங்கேதான் போனது.

இப்போது போனால் என்ன இருக்கும்? தேயிலை வியாபாரத்தின் வீடு என்று பெயர் வாங்கிய பிளான்டேஷன் ஹவுஸ் இல்லை. அதே இடத்தில் 2004-ல் எழுந்த கண்ணாடிக் கட்டிடத்துக்கு பிளான்டேஷன் பிளேஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏலமும் இல்லை. 1998 ஜூன் 29-ல் லண்டன் தேயிலை ஏலம் கடைசியாக நடந்தது. கடைசிப் பெட்டி ஹெல்பொட தோட்டத்துச் சிலோன் தேயிலை. தர்ம காரியத்துக்காக விட்ட அந்தப் பெட்டி கிலோ 555 பவுணுக்குப் போனது. இப்போது அந்தத் தெருவில் காப்புறுதி ஒபிஸ்காரர்கள் சன்ட்விச் வாங்க வரிசையில் நிற்பார்கள். பார்க்க ஒன்றும் இல்லாத தெரு என்றுதான் யாரும் சொல்வார்கள். நின்று பாருங்கள். உங்கள் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பெயரை நூறு வருசம் கேட்ட தெரு அது.

எதிர்ப்பக்கம் ஃபென் கோர்ட் என்று ஒரு சின்ன முற்றம் இருக்கிறது. அங்கே கரும்புத் தண்டு போலச் சில கல் தூண்கள் நிற்கும். அடிமை வியாபாரம் ஒழிந்ததன் நினைவாக 2008-ல் வைத்தவை. தேத்தண்ணிக்கு வேண்டிய இரண்டு சாமானும், சாயமும் சீனியும், இரண்டு நிமிச நடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதே இடத்தில் 120 ஃபென்சர்ச் தெருக் கட்டிடத்தின் உச்சியில் ஒரு மொட்டைமாடித் தோட்டம் இருக்கிறது. இலவசம். லண்டன் ஐ ராட்டினத்துக்குக் கொடுக்கிற காசு மிச்சம். தேயிலைத் தெருவை மேலேயிருந்து பார்க்கவும் செய்யலாம்.

பிறகு தேம்ஸ் ஆற்றுப் பக்கம் இறங்கி, டவர் பிரிட்ஜை நடந்தே கடந்துவிடுங்கள். மறுகரையில் பட்லர்ஸ் வார்ஃப். 1870களில் கட்டிய கிடங்குகள். இங்கே தேயிலைப் பெட்டிகளை இறக்கினார்கள். இப்போது அதெல்லாம் விலை உயர்ந்த மாடி வீடுகள், கீழே உணவகங்கள். பிறகு நேரம் இருந்தால் லண்டன் மியூசியம் டொக்லண்ட்ஸ். 1802-ல் கட்டிய சீனிக் கிடங்கில் இருக்கும் இலவச அருங்காட்சியகம். சீனியும் அடிமை முறையும் பற்றிய பகுதியை விடாமல் பாருங்கள். 1834-ல் அடிமை முறை முடிந்தபோது முதலாளிமாருக்கு 20 மில்லியன் பவுண் நட்டஈடு கொடுத்தார்கள். அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. மேற்கிந்தியக் கோப்பி சரிந்த அந்தக் காலத்தில்தான் கண்டி மலையில் கோப்பி பெருகியது, நம் ஆட்களைக் கப்பலேற்றுவதும் பெருகியது. நம் கதை அங்கே எழுதியிருக்காது. ஆனால் அது எங்கே பொருந்துகிறது என்பது அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது புரியும்.

மூன்றாம் நாள்: தாராவும் ஈஸ்ட்ஹாமும்

பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை. எல்லா அறையும் பார்க்க நினைத்தால் கால் வலிதான் மிஞ்சும். 33ஆம் அறைக்கு நேரே போங்கள். கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரத்தில் பொன் முலாம் பூசிய தாரா சிலை நிற்கும். ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது. 1830-ல் அந்த மியூசியத்துக்குக் கொடுத்தவர் சேர் ரொபர்ட் பிரவுன்றிக். பெயர் ஞாபகம் இருக்கிறதா? 1817–18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை வயலையும் வீட்டையும் எரித்து அடக்கியபோது இருந்த தேசாதிபதி அவர்தான்.

இது நம் லயத்துக் கதை இல்லையே என்று தோன்றலாம். அப்போது நாம் இங்கே வந்திருக்கவே இல்லை. ஆனால் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் கிராமத்தின் கதை இது. நாம் கொழுந்து எடுக்கிற மலை யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்பதன் தொடக்கம் இது. பதுளையில் சிங்களக் கூட்டாளியோடு பாடசாலைக்குப் போனவர்கள், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவனுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நம் இருவர் கதையும் ஒரே ஊரில்தான் வைத்திருக்கிறது.

பொழுது சாய ஈஸ்ட்ஹாம் போங்கள். ஹை ஸ்ட்ரீட் நோர்த் முழுக்கத் தமிழ்ப் பெயர்ப் பலகை. கொத்து கிடைக்கும், தோசை கிடைக்கும். பக்கத்திலே மனோர் பார்க்கில் முருகன் கோயில். கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "தம்பி யாழ்ப்பாணமோ?" என்று கேட்பார். "இல்லண்ணே, பதுளை" என்று சொல்லுங்கள். சிலருக்கு ஒரு நொடி தயக்கம் வரும், சிலர் எல்ல பாலத்தைப் பற்றிக் கேட்பார்கள், சிலர் "அங்க எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்று உண்மையாகவே ஆச்சரியப்படுவார்கள். கோபப்படத் தேவையில்லை. ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு பத்து நிமிசம் பேசுங்கள். லண்டன் தமிழர் மத்தியில் மலையகத்தைப் பற்றிப் பேச நம்மை விட்டால் ஆள் குறைவு.

நாலாம் நாள்: காலியாக விடுங்கள்

நாலாம் நாளை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கும் வேண்டாம், சொக்லட் வாங்கவும் முழு நாள் வேண்டாம். ஒரு பூங்காவில் உட்காருங்கள். முந்திய மூன்று நாளில் பிடித்த இடத்துக்கு இன்னொரு தடவை போங்கள். ஒரு சுப்பர் மார்க்கெட்டில் தேயிலைத் தட்டுக்கு முன்னால் நின்று பெட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் கலவைத் தேயிலை, அதில் கென்யாத் தேயிலைதான் அதிகம். நம் தேயிலை இன்றைக்கு ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கும்தான் நிறையப் போகிறது.

சரித்திரத்தில் ஆர்வம் இருப்பவர்கள் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு ஓடப் பார்ப்பார்கள். முதல் தடவையில், நாலு நாளில், அது வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும், அதற்கும் முகவரிச் சான்று கேட்பார்கள். ஆவணங்களின் பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இலங்கைக் குடியேற்றக் காலக் கடிதங்கள் 'சி.ஓ. 54' என்ற வரிசையில் இருக்கின்றன. உங்கள் தோட்டத்து ஆங்கிலப் பெயரை வைத்து இன்றைக்கே தேடிப் பாருங்கள். வேண்டிய இலக்கங்களைக் குறித்து வைத்தால் இரண்டாவது பயணத்துக்கு ஒரு காரணம் ஆச்சு.

"ஜாலியாப் போற இடத்துல எதுக்கு இதெல்லாம்?"

இப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. மூன்று வருசம் சேர்த்த காசில் போகிறவருக்குச் சிரிக்கவும் சுற்றவும் உரிமை உண்டு. நாங்கள் கேட்பது நாலில் ஒரு நாள்தான். அதுவும் நல்ல நடை, இலவச மொட்டைமாடி, டவர் பிரிட்ஜ் படம் எல்லாம் உள்ள நாள்.

இன்னொரு பக்கத்திலிருந்து வருகிற கேள்வி கொஞ்சம் கடினமானது. "லயத்துல கூரை ஒழுகுது, நீ லண்டன் பார்க்கப் போறியா?" இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கூரை ஒழுகுவதற்குக் காரணம் நம் பிள்ளை ஒருத்தி ஊர் பார்க்கப் போனது இல்லை என்பது மட்டும் நிச்சயம். காணி உறுதியையும் சம்பளத்தையும் கேட்டுப் போராடுகிற சமூகம், கூடவே உலகத்தைப் பார்க்கவும் செய்யலாம். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது என்று நமக்கு மட்டும் யாரும் சட்டம் போட முடியாது.

மூன்றாவதாக ஒன்றை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். மின்சிங் லேனில் நின்று கோபப்படுவது சுலபம். இன்றைய சம்பளத்துக்கு அந்தத் தெரு பொறுப்பில்லை. தேயிலை ஏலம் 1883-லிருந்தே கொழும்பிலும் நடக்கிறது. இன்றைக்கு விலை அங்கேதான் விழுகிறது. தோட்டங்களைக் கம்பனிகளிடம் நிர்வாகத்துக்குக் கொடுத்தது 1992-ல் நம் அரசாங்கம். லண்டன் பயணம் பழைய கணக்கைப் புரிய வைக்கும். நடப்புக் கணக்கைக் கேட்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. திரும்பி வருவது முக்கியம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரும்போது சொக்லட் கொண்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மின்சிங் லேன் பெயர்ப் பலகையின் படம் ஒன்றும் போனில் இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளைக் கூட்டி வைத்து அரை மணி நேரம் பேசுங்கள். அம்மாக்களையும் கூப்பிடுங்கள். அவர்கள்தான் சரியான கேள்வியைக் கேட்பார்கள்: "அங்க ஒரு கோப்பைத் தேத்தண்ணி என்னா வெல?" விலையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வர மறந்துவிடாதீர்கள்.